சபுராவின் முதல் அழைப்பு

அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் கைக்கு வந்த அன்று சபுராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படித்து வாங்கியது. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

பயிற்சி கொடுத்த இன்பராஜ், அவளைவிட இளையவர், வண்டிக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், லைசென்ஸ் வந்துடுச்சு!”

“ரொம்ப சந்தோஷம்.”

“ஆனா உள்ளுக்குள்ள இன்னும் படிக்கிற பிள்ளை மாதிரியே இருக்கு சார். நிஜமாவே ஆயிட்டேன்னு எப்பத் தெரியும்?”

அவர் வாய் திறப்பதற்குள் அழைப்பு வந்தது. உப்பளத்துக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி.

“ஏறுங்க,” என்றார்.

அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். சபுரா இரு கைகளிலும் ஏந்தினாள்.

குழந்தை அழவில்லை. நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது.

“சார்!”

“அம்மாவை நான் பாத்துக்கறேன். பிள்ளை உங்க பொறுப்பு.”

துண்டால் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவே இல்லை. சின்ன முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி பொருத்தி, காற்றுப் பையை மெல்ல அழுத்தினாள். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

“வா தங்கம், வா, வா...”

ஒரு விக்கல். அடுத்து, வண்டியே அதிர்கிற மாதிரி ஓர் அழுகை!

டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். சபுராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. குழந்தையைப் போர்த்தித் தாயின் மார்பில் சாய்த்தாள்.

“என்ன குழந்தை அக்கா, ஆணா பொண்ணா?” என்று கேட்டாள் தாய்.

சபுரா விழித்தாள். இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

“சார்... நான் அதைப் பாக்கவே இல்லையே!”

“கிளம்பறதுக்கு முன்னாடி ‘எப்பத் தெரியும்’னு கேட்டீங்களே, அதுக்கு இதான் பதில்,” என்றார் இன்பராஜ். “இப்பப் பாருங்க. இனி அவசரமில்ல.”