மோரக் கொடுக்க வேண்டிய செருப்பு

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. விடுதியில் அடுத்த அறைக்காரர் எங்கோ கேட்டதைச் சொன்னார். ஆள்களின் பெயர்களை அவரே வைத்திருக்கவும் கூடும்.

முன்னொரு காலத்தில், ஸ்காட்லாந்து மலைநாட்டில், ஒரு புனிதரின் கோலைப் பரம்பரையாகக் காத்துவந்த குடும்பத்தாரை டியூவர் என்று அழைத்தார்கள். கோலைக் காப்பதற்காக அவர்களுக்கு நிலம் விடப்பட்டிருந்தது. மாட்டைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, பயத்தால் திருடன் பின்னால் போக முடியாதவர் வந்து கேட்டால், திருடர்களும் அஞ்சும் அந்தக் கோலோடு டியூவர் போய் அதை மீட்டுவர வேண்டும். கூலி ஒரு ஜோடி செருப்பு. டியூவருக்குச் சேர வேண்டிய கூலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டுக்காக யாரும் கிளம்ப மாட்டார்கள்.

மோரக் கணவனை இழந்தவள். அவளிடம் இருந்த ஒரே பசு திருட்டுப் போனது. மழையில் நடந்து டியூவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அந்த வீட்டு அண்ணன் தம்பிகளில் மூத்தவன் டூகல் கோலை எடுக்க மறுத்தான். "ஆத்துல வெள்ளம். கோல் போச்சுன்னா நிலமும் போச்சு."

தம்பி பின்லே எழுந்தான். முந்தைய நடையின் வீக்கமே அவன் காலில் வற்றவில்லை. மோரக் தன் மடியில் இருந்த ரொட்டியை அவனிடம் கொடுத்தாள். வெறும் மாட்டுத்தடியோடு அவன் போனான்.

பசுவோடு திரும்பி வந்தவன், நடந்ததை மறைக்காமல் சொன்னான். "கோல் எங்கேன்னு திருடன் கேட்டான். வரல, நான்தான் வந்தேன்னேன். கோல் வீட்டில இருக்கான்னு கேட்டான். இருக்குன்னேன். யோசிச்சுட்டுப் பசுவை அவிழ்த்து விட்டான்."

மோரக் இறந்த கணவனின் செருப்பைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் இருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

"பாத்தியா, உன் மூஞ்சிக்கா விட்டான்? நான் காத்த கோலுக்கு விட்டான். கூலி எனக்கு" என்றான் டூகல்.

"சரிதாண்ணே. கோல் உன்கிட்ட இருக்கு, கொப்புளம் என்கிட்ட இருக்கு."

"ஆளுக்கு ஒண்ணு தரட்டுமா?" என்றாள் மோரக். இருவரும் சிரிக்கவில்லை. பசுவுக்கு இன்னும் தண்ணீர் காட்டவில்லை. வாசலிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆள் மாறிக் கொடுத்துவிட்டால், இனி அவளுக்காக யார் வருவார்கள்?

அந்தச் செருப்பு யாருக்குச் சேர வேண்டும்?

பின்லேவுக்கு என்பதே என் பதில். டூகல் சொன்னது பொய்யில்லை. கோலுக்குப் பயந்துதான் திருடன் பசுவை விட்டான். ஆனால் கோலைக் காப்பதற்கான கூலியை நிலமாக அவன் முன்பே வாங்கிவிட்டான். செருப்பு நடைக்கான கூலி. வீங்கிய காலில் அது நுழைந்ததா என்று கதை சொன்னவருக்கும் தெரியவில்லை.

பிறகு தேடிப் பார்த்தேன். டியூவர் இன்றும் ஸ்காட்லாந்தில் வழங்கும் குடும்பப்பெயர். அதன் மூலமான கேலிக் மொழிச் சொல்லுக்கு ஊர்விட்டு அலைபவன் என்று பொருள். 1428ஆம் ஆண்டு விசாரணைப் பதிவு ஒன்றில் இந்த வழக்கமும் இருக்கிறது. கதையில் கடைசியில் வரும் கூலி, அதில் டியூவர் புறப்படும் முன்பே வருகிறது: நான்கு பென்னிக் காசு அல்லது ஒரு ஜோடி செருப்பு, கூடவே முதல் இரவுக்கான சாப்பாடு.