குடைக்குக் கீழே தெரிந்த பாதங்கள்

ஏரலில் புத்தகக் கட்டுவேலை செய்துவந்த உலகம்மையிடம் 1974ஆம் ஆண்டுத் தை மாதத்தில் கேட்டது. அவர் தம் மாமனாரிடம் கேட்டதாகச் சொன்னார். கதையில் வரும் ஆசிரியரின் பெயரை அவர் சொல்லவில்லை. வற்புறுத்தியபோது, "அவருக்குப் பேர் எதுக்கு?" என்றார்.

"பாவிப்பயல் என் குடியைக் கெடுத்துவிட்டான், ஐயா!"

குழைக்காதர் மூச்சிரைக்க மடத்துக்குள் நுழைந்தார். அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"யார்?"

"ஏடு எழுதும் பூதத்தான். நட்டநடுப் பகலில் எழுத்தாணியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். சொல்லாமல் கொள்ளாமல்!"

விடிந்தால் அரங்கேற்றம். தலை நரைக்கும்வரை பாடுபட்டுக் குழைக்காதர் பாடிய தலபுராணம். நூலைப் படியெடுத்து முடித்த பிறகே ஆசிரியர் அதைப் புகழ்ந்து சாற்றுகவி எழுதித் தருவார். அது அந்த மடத்து வழக்கம். அந்தச் சாற்றுகவி இல்லாத நூலைச் சபையார் கையாலும் தொடமாட்டார்கள். குழைக்காதரோடு படித்தவர்களின் நூல்களெல்லாம் என்றோ அரங்கேறிவிட்டன.

"சாப்பிடப் போயிருப்பான்."

"பசிக்கு எழுந்திருக்கிற ஆளா அவன்? நகரப் படலத்தைப் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே எழுதினான். ஒரே சொல் வேறுவேறு பொருளில் மடங்கி வர மடக்கணி வைத்துப் பாடியிருக்கிறேனே, அந்தப் பகுதி முழுவதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே முடித்தான். ஒரு பிழை கிடையாது. கைகாரன்தான். அதனால்தான் வயிறு எரிகிறது."

"எந்த இடத்தில் எழுந்தான்?"

"எந்த இடமாக இருந்தால் என்ன, ஐயா? இனி அவனை இந்த வாசற்படி ஏற்றக்கூடாது என்று சொல்லுங்கள். சாற்றுகவியை மட்டும் இன்றைக்கே..."

"எந்த இடத்தில்?"

குரல் உயரவில்லை. குழைக்காதர் கக்கத்தில் இடுக்கியிருந்த தம் மூலச்சுவடியை அவிழ்த்தார்.

"மழைப் படலம். கடைசி ஏடுகளில் ஒன்று."

"படி."

"இது வேண்டாம், ஐயா. இதில் அணியே இல்லை. படலத்தில் ஒரு பாட்டுக் குறைந்தது, இட்டு நிரப்பினேன். நீக்கிவிடுவதாகத்தான் இருந்தேன்."

"படி."

படித்தார். தன் சொல்லை மீறி மணந்துகொண்ட மகளின் வீட்டை ஒரு தகப்பன் மழையில் கடக்கிறான். முகம் தெரியாதபடி குடையைச் சாய்த்துக்கொள்கிறான். வாசலில் நிற்கும் மகள், குடைக்குக் கீழே தெரிந்த பாதங்களை அடையாளம் கண்டுகொள்கிறாள். கூப்பிடவில்லை. அவ்வளவுதான் பாட்டு.

ஆசிரியர் கையில் இருந்த வெற்றிலை வாய்க்குப் போகவில்லை.

அவர் சாற்றுகவிக்கு ஓலையை எடுக்கவும் இல்லை. போகச் சொல்லவும் இல்லை. குழைக்காதர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்து நின்றார். சபைப் பந்தலுக்கு வாழைமரம் ஏற்றிய வண்டிகள் தெருவில் கடகடத்துப் போயின. ஒவ்வொரு வண்டியும் அவர் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது.

விளக்கேற்றும் வேளையில் பூதத்தான் வந்தான். முழங்கால்வரை ஆற்றுச் சேறு.

"எங்கேடா தொலைந்தாய்?" குழைக்காதர் பாய்ந்தார்.

"மன்னிக்கணும் சாமி. அக்கரை வரைக்கும் போயிட்டேன்."

"அக்கரையில் என்ன வைத்திருக்கிறாய்?"

"எம்மக இருக்கா."

"நாளைக்கு என் அரங்கேற்றம். உனக்கு இன்றைக்குத்தான் மகள் நினைப்பு வந்ததோ?"

"ஆமா சாமி. இன்னைக்குத்தான் வந்துச்சு."

குழைக்காதர் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"பார்த்தாயா?" என்றார் ஆசிரியர்.

"பாத்தேன்யா. ஏழெட்டு வருசம் ஆச்சு, ஆளே இளைச்சுப் போயிட்டா."

"என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல. கால் கழுவத் தண்ணி கொண்டாந்து வச்சா." பூதத்தான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "மிச்சம் கொஞ்சந்தான் சாமி. அந்த விளக்கை இப்படித் தள்ளி வையுங்க, ஒரே மூச்சுல முடிச்சுத் தாரேன்."

ஆசிரியர் ஓர் ஓலையை எடுத்தார். சாற்றுகவி எழுதத் தொடங்கினார். எழுத்தாணி கீறும் ஒலி ஒன்றே கேட்டது. குழைக்காதருக்கு உயிர் திரும்பி வந்தது.

எழுதி முடித்த ஆசிரியர், குழைக்காதரின் சுவடியை வாங்கிக் கயிற்றை உருவினார். ஏடுகள் தரையில் சரிந்தன. அவற்றுள் அந்த மழைப் பாட்டு இருந்த ஏட்டை மட்டும் எடுத்தார். தம் ஓலையை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி நீட்டினார்.

குழைக்காதர் தரையில் கிடந்த ஏடுகளைப் பார்த்தார்.

"மற்றவை, ஐயா?"

"மற்றவற்றை அவன் எழுந்திருக்காமலே எழுதி முடித்துவிட்டானே."

ஆழ்வார்திருநகரிப் பக்கத்தில் இதைச் சொல்பவர்கள் மகள் கதவைத் திறக்கவில்லை என்பார்கள். அடைத்த வாசலில் இருட்டும்வரை நின்றுவிட்டுப் பூதத்தான் திரும்பி வந்தானாம். அவர்கள் சொல்வதிலும் ஆசிரியர் அதே ஏட்டைத்தான் எடுக்கிறார்.