கண்டக்டர் மகள் படம்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சுடலைமுத்து, அறுபது வயதில் எஸ்தரிடம் கேமரா கற்கச் சேர்ந்தார். எஸ்தருக்கு முப்பத்திரண்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். வாய்ப் பேச்சில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

அவர் தானே படம் எடுத்த முதல் கல்யாணம், அவர் பஸ்ஸில் வருஷக்கணக்காகக் கண்டக்டராக இருந்த இசக்கியின் மகள் பேச்சிக்கு. அவள் அப்பாவை உரித்து வைத்தவள். நிறமும் அதே கறுப்பு. சாயங்கால வரவேற்புக்கு மணமக்கள் படத்தைப் பெரிதாக்கி மண்டப வாசலில் வைக்க வேண்டும்.

ஜன்னல் வெயில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அந்த வெள்ளையை அடக்க கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. பேச்சியில் மூக்குத்தியும் பல்லும்தான் மிச்சம்.

"பள்ளிக்கூடப் படத்துலயும் இப்படித்தான் மாமா. என்னையத் தேடணும்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

சுடலைமுத்து பதறிப்போய், அவள் முகத்து வெளிச்சத்தை மட்டும் கேமராவில் அளந்து மறுபடி எடுத்தார். இப்போது யாரோ ஒரு சிவத்த பெண் வந்தாள்.

"ஆத்தாடி, என்ன நெறம்! இதையே வைங்க" என்றாள் மாமியார்.

பேச்சி எட்டிப் பார்த்தாள். "இது யாரு மாமா?"

அவர் கல்யாணத்துக்கு வந்திருந்த எஸ்தரிடம் ஓடினார்.

"முகத்தத்தானே அளந்தேன் டீச்சர்? அப்பவும் தப்பா காட்டுதே!"

"கேமராவுக்கு எல்லா முகமும் ஒரே நெறம் அண்ணாச்சி. கறுப்பக் கண்டா வெளுக்க வைக்கும். நீங்கதான் வெளிச்சத்தக் குறைக்கணும்."

"எவ்வளவு?"

எஸ்தர் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற இசக்கியை இழுத்து வந்து, மகள் பக்கத்தில் நிறுத்தினாள்.

"உங்க கண்டக்டரு வர்ற வரைக்கும்."

சுடலைமுத்து கொஞ்சம் குறைத்து எடுத்தார். இல்லை. இன்னும் கொஞ்சம். கேமராத் திரையில் நிஜ நிறத்தோடு இசக்கி வந்துவிட்டான். பக்கத்தில் அதே முகத்தோடு பேச்சி. அளவை மாற்றாமல் மணமக்களை எடுத்துக் காட்டினார். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாப்பிள்ளை சட்டை வெளிறிப்போச்சே டீச்சர்?"

"சட்டைக்கா கல்யாணம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "மாமியாரம்மா வெளுத்த படத்தத்தான் வாசல்ல வைக்கச் சொல்லுதாங்க. என்ன செய்ய?"

எஸ்தர் வாளியை எடுத்து இசக்கி கையில் கொடுத்தாள். அவன் பந்திக்குப் போனதும் சொன்னாள்.

"சாயங்காலம் அந்த வாசல் வழியாத்தான் உங்க கண்டக்டரும் வருவாரு அண்ணாச்சி. படத்துல மகளத் தேடக் கூடாது."