மேலே வராதவர்கள்

கல்லுடைக்கும் ஊர் ஒன்றின் நடுவே ஒரு மொட்டைப் பாறை மலை. அதன் உச்சியில் ஒரு மடம். மடத்தைப் பார்த்துக்கொண்டவர் உலகம்மை. சமையற்கட்டு வேலைக்கு வந்த பெண் அவர். முன்பிருந்த சாமியார் கண்ணை மூடும் முன் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. உலகம்மைக்கு நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். அறுபதை நெருங்கியவர்களும் அவர் முன்னால் வந்து நின்று கேள்வி கேட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தாணுமூர்த்தி. புள்ளியியல் துறை அதிகாரி. மாநிலத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு அடிபட்டது, செய்த வேலையால் எத்தனை பேர் நோயில் விழுந்தார்கள் என்று ஆண்டுதோறும் அரசு ஒரு தொகுப்பு போடும். அதில் இந்த மாவட்டத்துப் பக்கங்கள் அவர் பொறுப்பு. உலகம்மையை எல்லாரும் அம்மா என்பார்கள். அம்மா அவரைக் கணக்கரே என்றுதான் கூப்பிடுவார்.

பௌர்ணமிதோறும் மடத்தில் பந்தி. பந்தி முடிந்ததும் பாட்டு. தாணுமூர்த்தி தவறாமல் வருவார். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொல்வார். பரிமாறுகிறவர் அந்த இலைக்கு முன்னால் வாளியோடு நிற்பார்.

"யாருக்கு சார்?"

"வருவான். நீங்க போங்க."

யாரும் வரமாட்டார்கள். பந்தி கலைந்ததும் அந்த இலையைத் துடைத்துக் கட்டோடு சேர்த்து வைத்துவிடுவார். ஒரு வருஷமாக இப்படித்தான்.

அந்த இலை பொன்னுலிங்கத்துக்கு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தாணுமூர்த்தி கணக்கில் தேறி வெளியூர் போனார். பொன்னுலிங்கம் இங்கேயே பாறையில் துளை போடும் வேலைக்குப் போனார். நல்ல குரல் பொன்னுலிங்கத்துக்கு. சிறுவயதில் இரண்டு பேரும் படியேறி வருவார்கள். அடியிலிருந்து உச்சிவரை பொன்னுலிங்கம் பாடிக்கொண்டே ஏறுவார். சும்மா ஏறுகிற தாணுமூர்த்திக்குத்தான் மூச்சு வாங்கும். மேலே போனதும் பொன்னுலிங்கம் பாட, இவர் ஜால்ரா போடுவார்.

பல மாவட்டங்களைச் சுற்றிவிட்டுப் போன வருஷம்தான் தாணுமூர்த்திக்குச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கிடைத்தது. அதற்குள் மலையின் பின்பக்கம் தார்ச்சாலை வந்திருந்தது. முதல் பௌர்ணமிக்கு ஜீப்பில் வந்து இறங்கி நண்பரைத் தேடினார். காணவில்லை. போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. குவாரியில் விசாரித்தார்.

"வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு சார்" என்றார் மேலாளர்.

"எங்கே போனான்?"

"அது தெரியலை சார்."

மகள் திருப்பூரில் இருக்கிறாள், அங்கே போயிருப்பான் என்று தாணுமூர்த்தி எண்ணிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் போனான் பார் என்று வருத்தம்தான். ஆனாலும் இலை போடுவதை நிறுத்தவில்லை.

இந்த முறை பௌர்ணமிக்கு வெயில் சாயும் முன்பே வந்துவிட்டார். அம்மா சமையற்கட்டில் இருந்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேள்வியா, கணக்கா?"

"ரெண்டும்தான்."

"அப்ப இந்தக் கறிவேப்பிலையை உருவிக்கிட்டே கேளுங்க. கை சும்மா இருந்தா பேச்சு நீளும்."

தாணுமூர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு கையெழுத்துப் போடணும். கல்லுடைப்புத் தொழில். விரல் நசுங்கினது, கால் ஒடிஞ்சது, கண்ணுல சில்லு தெறிச்சது எல்லாம் ஒழுங்கா வந்திருக்கு. நோய்ங்கிற இடத்துல மட்டும் இல்லைன்னு வருது. போன வருஷமும் இல்லை. அதுக்கு முந்தின வருஷமும் இல்லை."

"இல்லைன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இந்த வருஷமும் இல்லைன்னு போச்சுன்னா, நெஞ்சைப் படம் எடுக்கிற வண்டி இனிமே இந்தப் பக்கம் வராது. வேற மாவட்டத்துக்குக் கொடுத்துருவாங்க."

"நோய் இல்லாத ஊருக்கு வண்டி எதுக்கு?"

"மேலேயிருந்து அதைத்தான் கேக்குறாங்க. பதில் இல்லை. கணக்கு சரியா இருக்கு. மனசுதான் ஒப்பமாட்டேங்குது."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"பாக்காமலா? ஒரு குவாரி விடலை. வேலையில இருந்த ஒவ்வொருத்தரையும் நிக்கவச்சுக் கேட்டேன். மூச்சை நல்லா இழுத்து விடச் சொன்னேன். ஒருத்தர்கூட இருமலை. எல்லாரும் தேக்குக்கட்டை மாதிரி இருக்காங்க."

அம்மா சிரித்தார்.

"எங்க மடத்துலயும் அப்படித்தான் கணக்கரே. நான் வந்த நாளா பாக்குறேன். மூச்சுக்குக் கஷ்டப்படுற ஒரு ஆளைக்கூட இந்தப் பந்தியில பாத்ததில்லை."

"மலைக்காத்து அம்மா. மூலிகை வாசம் பட்டு வர்ற காத்து."

"இந்த மொட்டைப் பாறையில மூலிகை எங்கே கிடக்கு? சொல்லுங்க, ரசத்துக்குப் பறிச்சுக்கிறேன்."

தாணுமூர்த்தி தலையைக் குனிந்து கறிவேப்பிலையை உருவினார்.

"கணக்கு ஆச்சு. கேள்வி?"

தாணுமூர்த்தி கையிலிருந்த ஈர்க்கை இரண்டாக ஒடித்தார்.

"எனக்கு ஒரு சிநேகிதன் அம்மா. பொன்னுலிங்கம்னு பேரு. அவன் ஏன் என்னை மறந்தான்?"

அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்தார். பெரிய வாளியில் புளிச்சோற்றை நிரப்பினார். ஒரு கட்டு இலையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வாளியைத் தூக்குங்க. கீழே போவோம்."

"கீழே யாரு இருக்கா? ஜீப்பை எடுக்கட்டுமா, பின்னாலதான் நிக்குது."

"ஜீப்பு ஜீப்பு போற வழியிலதான் போகும். படி வழியா வாங்க."

அந்தப் படிகளில் தாணுமூர்த்தி கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பழைய படிகள்தான். ஓரத்துக் கைப்பிடிச் சுவர் மட்டும் ஆட்கள் பிடித்துப் பிடித்து எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழவென்று இருந்தது.

பாதி மலையில் ஒரு கல்மண்டபம். அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். முப்பது வயதுகூட இராது. அம்மா இலை போட்டார். தாணுமூர்த்தி சோறு வைத்தார்.

"ஏன்ப்பா, மேல பந்திக்கு வரலாமே?"

"இதுவரைக்கும்தான் சார் ஏறமுடியுது. பங்குனியில மேல வந்து சாப்பிட்டேன்."

"என்ன வேலை பாக்குறே?"

"கிரஷர்ல சல்லி சலிச்சேன். இப்பப் போகலை."

"நின்னுட்டியா?"

"நான் எங்கே நின்னேன்? இருமுறவனுக்கு எதுக்குச் சம்பளம்னு அவங்க நிறுத்திட்டாங்க."

எந்த கிரஷர் என்று கேட்டார். சொன்னான். போன மாதம் அவர் போய்வந்த இடம்தான்.

இன்னும் கீழே இறங்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் ஐந்தாறு பேர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து அம்மா நின்றார்.

"போன பௌர்ணமிக்கு மண்டபத்துலல்லா இருந்தே?"

"ஆமாம்மா. இந்தத் தடவை இங்கேயே உக்காந்துட்டேன்."

பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொண்டதைச் சொல்வதுபோல் சொன்னாள். இவள் வேலை பார்த்ததும் தாணுமூர்த்திக்குத் தெரிந்த குவாரிதான். அதற்கும் கீழே இன்னும் சிலர். அதற்கும் கீழே இன்னும் அதிகம் பேர். யாரும் அவர்களை இடம் பிரித்து உட்காரவைக்கவில்லை. மூச்சு போதாமல் போன இடத்தில் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள்.

தாணுமூர்த்தி நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். உச்சியில் கூட்டம் கலகலவென்று இருந்தது. அங்கே ஒருவரும் இருமவில்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா அம்மா?"

"போன பௌர்ணமிக்குச் சோறு மிஞ்சிப்போச்சு. யாருக்காவது கொடுப்போம்னு இறங்கி வந்தேன். அன்னைக்குத்தான் தெரியும். நானும் மேலேயே கிடந்தவதானே."

அடிவாரம் வந்தது. முதல் படியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. மேலே யாரோ ஜால்ராவைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அந்த மனிதரின் விரல்கள் முழங்காலில் அதே தாளத்தைத் தட்டின.

விரல்களைப் பார்த்ததும் தாணுமூர்த்தி வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

பொன்னுலிங்கம் திரும்பினார்.

"என்னவே, இன்னைக்கு ஜீப்பு இல்லையா?"

நண்பன் அதிகாரியான நாளிலிருந்து கேலிக்குக் கொடுத்துவந்த மரியாதை அந்த 'வே'. குரல்தான் பழைய குரல் இல்லை.

"திருப்பூர் போயிட்டேன்னு நினைச்சேன்டா."

"நான் எங்கே போக? வேலையைத்தான் விட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஊரை விடுறதுக்குத் தெம்பு வேணும்லா."

"போன் எடுக்கலையே நீ."

"எடுத்தா பேசணுமே. நான் ஹலோ சொல்லி முடிக்கிறதுக்குள்ள... நீரு வச்சிருவீரு."

"குவாரிக்கு வந்தேன். ஒவ்வொருத்தரா விசாரிச்சேன்."

"சொன்னாங்க. பெரிய அதிகாரி வந்தாரு, எல்லாரையும் மூச்சு விடச் சொன்னாருன்னு. நமக்கு அதுதான் வரமாட்டேங்குதே, நம்மளைக் கூப்பிடலையேன்னு இருந்துச்சு."

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அடங்குகிறவரை தாணுமூர்த்தி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எலும்பும் கைக்குத் தட்டுப்பட்டது.

"உனக்கு ஒரு இலை போட்டு வச்சேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

"அது எனக்குத் தெரியாதே வே." பொன்னுலிங்கம் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "நானும் ஒரு பௌர்ணமி தவறினதில்லை. ஏறிப் பாப்பேன், முடியாது, இறங்கிருவேன். இங்கே உக்காந்தா மேல பாடுறது எல்லாம் கேக்கும். நீரு தாளம் தப்புறதுகூடக் கேக்கும்."

"நான் எப்பத் தப்பினேன்?"

"போன மாசம், கடைசிப் பாட்டுல. இங்கேயிருந்து தட்டிக் காமிச்சேன். உமக்குத்தான் கேக்கலை."

தாணுமூர்த்தி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அம்மா, இவன் இங்கே இருக்கான்னு."

"இலையைத்தான் காமிச்சீங்க. பேரை இன்னைக்குத்தானே சொன்னீங்க."

அம்மா முதல் படியில் இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொன்னுலிங்கம் நான்கு வாய்க்கு மேல் உண்ணவில்லை.

"வாடா, ஜீப்பைக் கொண்டாரேன். சுத்திப் போயிருவோம்."

"பாடிக்கிட்டு ஏறின மலை வே இது. ஜீப்புல போய் இறங்கச் சொல்லுதீரா?" கையைக் கழுவினார். "போம். நீரு போய் உம்ம கணக்கைப் பாரும்."

தாணுமூர்த்தி அம்மாவிடம் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இவங்க யாரும் என் கணக்குல வரமாட்டாங்க அம்மா. வேலையில இருக்கிறவங்களைத்தான் எண்ணணும். விதி அப்படி."

"சேர்த்து எழுதினா?"

"திருப்பி அனுப்பிருவாங்க."

"யாருகிட்ட வரும்?"

"என்கிட்டதான் வரும். மறுபடி எழுதினா மறுபடியும் திரும்பி வரும். எனக்கும் ஓய்வு நெருங்கிட்டு. எத்தனை தடவைதான் அம்மா எழுதுறது?"

 அம்மாவின் பார்வை வேறெங்கோ இருந்தது. தாணுமூர்த்தியும் அங்கே பார்த்தார்.

கிரஷர் தூசிப் புகைக்கு மேலே நிலா ஏறிக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் முழங்காலில் கை ஊன்றி எழுந்திருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். வலது காலை இரண்டாம் படியில் வைத்தார். இடது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தார். நின்றார். தோள்கள் ஏறி இறங்கின. பிறகு தலையை நிமிர்த்தி மூன்றாம் படியைப் பார்த்தார்.

"அவரைக் கேளுங்க கணக்கரே" என்றார் அம்மா. "இந்த மலை அவரை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்குன்னு."