சுருளிக்கு வந்த ஒட்டுவாரொட்டி

ஒரு காட்டில் சுருளி என்றொரு அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், வாயில் பெயருக்குக்கூட ஒரு பல் கிடையாது. எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. அதற்கு யாரையும் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. நன்றாகச் சிரிக்கும், பேசும். ஆனால் அரைநாள் கூட்டத்தில் இருந்தால் அசந்துபோய்விடும். வளைக்குள் போய்ச் சுருண்டு, தனியாகக் கிடந்து எழுந்தால்தான் மறுபடி தெம்பு வரும்.

அதே காட்டில் பேச்சிமுத்து என்றொரு குரங்கு. அதன் கதை தலைகீழ். அரைநாள் தன் பேச்சைக் கேட்க ஆளில்லை என்றால் வால் தொங்கிவிடும். நாலு பேர் கிடைத்துவிட்டால் சோறுகூட வேண்டாம்.

மயில் வீட்டுக் கல்யாணம் வந்தது. இரண்டும் போயின. சுருளி எல்லோரிடமும் முறையாக நலம் கேட்டு, பல்லில்லாத வாயால் சாயங்காலம் வரை சிரித்துவிட்டு, வளைக்குத் திரும்பிச் சுருண்டுகொண்டது. பேச்சிமுத்துவோ மிச்சப் பேச்சைப் பேசித் தீர்க்க ஆள் தேடி, மறுநாள் அந்த வளைக்கே வந்து எட்டிப் பார்த்தது. சுருளி பந்தாகக் கிடந்தது.

அவ்வளவுதான். சுருளியக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று காடு முழுக்கச் செய்தி போனது. அந்தக் காட்டு மிருகங்களுக்குப் பாசம் அதிகமாயிற்றே. உடம்பு சரியில்லாதவரை நிம்மதியாகத் தூங்க விடுமா? முயல், மான், முள்ளம்பன்றி, தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் குடும்பத்தோடு நலம் விசாரிக்க வந்தன. பல்லில்லாத நோயாளி கடித்துத் தின்னக் கொய்யாக்காய் கொண்டுவந்தன. வளை வாசலில் உட்கார்ந்து, இதே மாதிரி சுருண்டு படுத்துச் செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றி விரிவாகப் பேசி ஆறுதல் கூறின.

பேச்சு ஏற ஏறச் சுருளி இறுகிச் சுருண்டது. அது இறுக இறுக, நோய் முற்றிவிட்டது என்று பேச்சிமுத்து இன்னும் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தது. வாசல் அடைபட்டுப் போனதால் சுருளியால் இரை தேடப் போக முடியவில்லை. வயிறு ஒட்டிப்போனது. இவர்கள் அன்பே நம்மைக் கொன்றுவிடும் போலிருக்கிறதே என்று அதற்குப் பயம் வந்துவிட்டது. அதற்குள் வெளியே, ஒப்பாரி வைப்பது யார் என்று பேச்சு வந்து, பேச்சிமுத்து முந்திக்கொண்டு தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

சுருளி தலையை மெல்ல நீட்டியது.

"தம்பி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு வந்திருப்பது ஒட்டுவாரொட்டி."

ஒட்டிக்கொண்டால் என்ன செய்யும் என்று குரங்கு கேட்டது.

"முதலில் வாய் அடைத்துப்போகும். அப்புறம் யாரோடும் பேசத் தோன்றாது. கடைசியில், பேசாமல் இருப்பதே சுகமாகிவிடும்."

அப்படியொரு பயங்கர நோயை அந்தக் காடு அதுவரை கேள்விப்பட்டதில்லை. வாசல் காலியானது. முதலில் ஓடியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுருளி வயிறாரக் கறையான் தின்று, ஆசைதீரத் தூங்கியது.

சில நாள் கழித்து முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பெயர் வைத்தார்கள். சுருளி தெளிந்த முகத்தோடு வந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசியது. பேச்சிமுத்து மட்டும் மரத்தின் உச்சியில் இருந்தபடி, அக்காவுக்கு நோய் போய்விட்டதா என்று விசாரித்தது.

"போய்விட்டது தம்பி. ஆனால் விட்டு விட்டு வரும்" என்றது சுருளி. கொஞ்சம் யோசித்து, "இன்றைக்குச் சாயங்காலம் வந்துவிடும் போலிருக்கிறது" என்றது.

நீதி: கூட்டம் உனக்கு விருந்து என்பதற்காக, அதை அடுத்தவர் இலையிலும் பரிமாறாதே.