சிவப்பா, நீலமா?

பக்கத்துத் தோப்பு நாச்சப்பன் சிவப்பில் ஒரு குட்டி டிராக்டர் வாங்கிய நாளிலிருந்து அங்கண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தோப்புக்கும் ஒன்று வேண்டுமென்று கம்பெனிக்காரரை வரவழைத்தார். அதே சிவப்பு வண்டியும், அதைவிடப் பளபளப்பான நீல வண்டியும் வாசலில் வந்து நின்றன. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"நாச்சப்பன் வண்டி நல்லா உழுகுது" என்று முந்தின நாள் வாய்விட்டுச் சொன்னவள், அங்கண்ணனிடம் களை வெட்டும் பாவாயி. அந்தக் கோபத்தில் அவளையே கூப்பிட்டார்.

"உனக்குத்தான் வண்டியெல்லாம் தெரியுமே, ஒண்ணைச் சொல்லு! பார்க்கிறவன் வயிறு எரியணும். ஆனா எவன் கண்ணு பட்டும் என் வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஏதாவது ஆச்சு, உனக்கு இங்கே வேலை கிடையாது."

பாவாயி யோசிக்கவே இல்லை. "சிவப்பையே எடுத்துக்குங்க."

"அவன் வச்சிருக்கிறதையா? ஏன்?"

"வேலியோரம் நின்னு தினமும் நாச்சப்பன் வண்டியைப் பார்க்கறீங்களே, அது ஒருநாள்கூட மக்கர் பண்ணலீங்க. உங்க கண்ணையே தாங்கின வண்டியை வேற எவன் கண்ணு என்னங்க பண்ணிடும்?"

ஊர் சிரித்த சிரிப்பில் கம்பெனிக்காரர் நீல வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். திருஷ்டி கழிக்க வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் அன்றைக்கு மோர்க்குழம்புக்குப் போனது.