எழுதாத தேர்வுக்குப் பத்தொன்பது மதிப்பெண்

தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் கடைசிவரை பொறுத்திருந்து கேளுங்கள். பாதியில் முடிவு கட்டியவர்கள் அரியநல்லூரிலேயே நிறையப் பேர் உண்டு.

அந்த ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணி என்றால் மருந்துக்கடை எஸ்தருக்கு உயிர். பதினோரு வருஷமாக ஓர் ஆட்டம் விட்டதில்லை. வெளியூர் ஆட்டத்துக்கும் பஸ் ஏறிப் போய்விடுவாள். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை ஃபவுல் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவாள். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அவள் எஸ்தரக்கா.

மாநிலப் போட்டிக்கு அணி தேர்வான வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. அணித்தலைவன் இசக்கிதாசன் கல்லூரிக்குள் நடந்த கணக்குத் தேர்வை எழுதாமலே மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று யாரோ பல்கலைக்கழகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு வருகிறது. குற்றத்தை அவர்களே கண்டுபிடித்தால் அணிக்கே இரண்டு வருஷம் தடை. விசாரணை தொடங்குமுன் கல்லூரியே முன்வந்து, எதையும் மறைக்காமல் எழுதிக்கொடுத்தால், தவறு செய்தவர்களுக்கு மட்டும் தண்டனை. விதி அப்படி.

வெள்ளிக்கிழமை மாலை ரசிகர்கள் எல்லாரும் மைதானப் படிக்கட்டில் கூடினார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற லாசர்தான் பேசினார்.

"பிப்ரவரி பன்னிரண்டு மத்தியானம் அவன் பரீட்சை எழுதினான். நாம எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்."

அன்று மத்தியானம் இசக்கிதாசன் மதுரையில் ஆயுதப்படை மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தான். முப்பத்தொரு புள்ளி. நட்பு ஆட்டம் என்பதால் வேறு பதிவு கிடையாது. கைப்பேசிகளையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எழுத்தில் இருந்த சாட்சி எஸ்தருடைய நோட்டு ஒன்றுதான். லாசருக்கும் அது தெரியும்.

"எஸ்தர், அந்த நோட்டை வெளிய எடுக்கப்பிடாது. சத்தியம் பண்ணு."

அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. அவள் சத்தியம் செய்தாள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிறு மாலை மைதானத்துக்குப் போனாள். இசக்கிதாசன் தனியாகப் பந்தை எறிந்துகொண்டிருந்தான். ஒன்றுகூட வளையத்துக்குள் விழவில்லை.

"இசக்கி, மார்க் வந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் பந்தைக் கீழே விட்டான். "இருபத்தஞ்சுக்குப் பத்தொன்பது மார்க்குன்னு போர்டுல பாத்தேன்க்கா. யார் போட்டாங்கன்னு நான் கேக்கல. கேட்டா போயிருமோன்னு பயம்."

"வேற யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்லக்கா. உங்ககிட்டதான்."

அவனுக்கு ரயில்வேயில் விளையாட்டுப் பிரிவில் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வீட்டில் கல்யாண வயதில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அவள் வேறொன்றும் கேட்காமல் வீடு திரும்பினாள்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு எஸ்தர் நோட்டோடு முதல்வர் அறைக்குள் நுழைந்தபோது, அங்கே இசக்கிதாசனும் கணக்குப் பேராசிரியர் ஆவுடையப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் இரண்டு கடிதங்கள்.

இசக்கிதாசன் எழுதியிருந்தான்: 'நான் அந்தத் தேர்வை எழுதவில்லை. மதிப்பெண் வந்ததும் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன்.'

ஆவுடையப்பன் எழுதியிருந்தார்: 'ஆடிவிட்டு வா, தனியாகத் தேர்வு வைக்கிறேன் என்று சொன்னேன். மறந்துவிட்டேன். மதிப்பெண் அனுப்பும் கடைசி நாளில் விடைத்தாளை நானே எழுதினேன். மாணவனுக்கு எதுவும் தெரியாது.'

எஸ்தர் நோட்டைப் பிரித்து வைத்தாள். முதல்வர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு அவன் இங்க இல்லைங்கிறது உறுதியாயிருச்சு. ஆனா இவங்க ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதியிருக்காங்களே."

"பையன் எம்மேல இருக்கிற மரியாதையில பழியைப் பங்குபோட்டுக்கிறான் மேடம்," என்றார் ஆவுடையப்பன். பேசும்போது அவர் எஸ்தரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் கெஞ்சல் அவளுக்குப் புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், பையன் தப்பிவிடுவான்.

முதல்வரும் அவள் பக்கம் திரும்பினார். "பசங்க உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுவாங்களே. நீங்க இவன்கிட்ட பேசினீங்களா? இவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இசக்கிதாசன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மேடம்," என்றாள் எஸ்தர்.

முதல்வர் கடிதங்களின் கீழே, மாணவனுக்கும் தெரியும் என்று இரண்டே வரி சேர்த்துக் கையெழுத்திட்டு, படியேறி வந்தவர்களிடம் கொடுத்தார். அணி தப்பித்தது. இசக்கிதாசனுக்கு ஒரு வருஷம் தடை; ரயில்வே அழைப்பும் கைவிட்டுப் போனது. ஆவுடையப்பன் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாநிலப் போட்டியில் எஸ்தருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. லாசர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

மாணவனைக் காப்பாற்றத் தன்னையே பலி கொடுத்த ஆசிரியர். தன் பிழைப்பு போகும் என்று தெரிந்தும் எழுதிக்கொடுத்த மாணவன். சத்தியத்தை மீறி வாய்திறந்த எஸ்தர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஆசிரியரின் தியாகம் பெரியதுதான். ஆனால் ஒரு பொய்யைச் சரிக்கட்ட வந்தவர் இன்னொரு பொய்யை எழுதினார். எதையும் மறைக்கக் கூடாது என்ற விதிப்படி, அது பின்னால் வெளிப்பட்டிருந்தால் அணியும் சேர்ந்தே போயிருக்கும். சரியாகச் செய்தவன் இசக்கிதாசன். நோட்டு வருமா வராதா என்று தெரியாமலே, யாரும் எழுதச் சொல்லாமலே, தன் குற்றத்தை மட்டும் எழுதினான். எஸ்தர் கருணைப்பட்டுத் 'தெரியாது' என்றிருந்தால், அவன் வாழ்நாளில் எழுதிய மிகக் கடினமான மூன்று வரி பொய்யாகிப் போயிருக்கும். அதைப் பொய்யாக்காமல் விட்டதுதான் அவள் செய்த சரி. சத்தியம் மீறிய குறை அவளுக்கு உண்டு. அதற்கான விலையை அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் கொடுத்தாள். அன்றும் புள்ளிக்கணக்கை ஒன்று விடாமல் எழுதினாள்.